62-க்கு 6 என்று இருக்கும்போது விசில் எப்படி ஊதுவது?

வணக்கம். இன்றைக்கு ரூல் புத்தகத்தை வைத்துப் பேசும் வீடியோ இல்லை. ரெஃப்ரி தேர்வில் பாஸாகி, முதல் சீசன் குறுவட்டப் போட்டிகளுக்கு வந்து நிற்கும் தம்பி தங்கைகளுக்காகப் பேசுகிறேன். ஸ்கூல் டீமைக் கூட்டிக்கொண்டு வரும் பி.இ.டி. சார், மேடம் யாராவது பார்த்தாலும் சந்தோஷம். விஷயம் இதுதான்: ஒரே பக்கமாகப் போகும் பாஸ்கெட்பால் மேட்சை எப்படி ஊதுவது.

கடைசி நிமிடம் வரை ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில் இழுத்துக்கொண்டு போகும் மேட்ச்தான் கஷ்டம் என்று வெளியில் நிற்பவர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்த மாதிரி மேட்சில் எல்லோர் கண்ணும் நம் மேல் இருக்கும், காலும் தானாக ஓடும், கவனம் சிதற வழியே கிடையாது. டேபிளில் 62-க்கு 6 என்று எழுதியிருக்கிறது, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, அடுத்த இரண்டு டீம் கோட்டுக்கு வெளியே பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறது, இன்னும் ஒரு குவார்ட்டர் முழுசாகப் பாக்கி. அந்த நேரத்தில் ஊதுவதுதான் கஷ்டம்.

ஏன் இப்படி மேட்ச் வருகிறது என்பது ஸ்கூலில் ஆடிய எல்லோருக்கும் தெரியும். குறுவட்டம் என்றால் அந்தப் பகுதியில் இருக்கும் எல்லாப் பள்ளியும் ஒரே டிராவில்தான் வரும். ஒரு பள்ளியில் நல்ல கோர்ட், தனி கோச், காலை மாலை இரண்டு வேளை பிராக்டிஸ். இன்னொரு பள்ளியில் வாலிபால் கிரவுண்டு ஓரத்தில் ஒரே ஒரு ரிங் கம்பம். கோ-கோ, கபடி, தடகளம் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அதே சார்தான் பாஸ்கெட்பாலுக்கும். சீட்டு எடுக்கும்போது முதல் சுற்றிலேயே இரண்டும் மோதும். இதில் யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் நாக் அவுட் என்பதால், அந்தச் சின்ன டீமுக்கு அந்த வருஷத்தின் ஒரே மேட்ச் அது. இந்த ஒரு விஷயத்தை மனசில் ஏற்றிக்கொண்டு விசிலைக் கையில் எடுங்கள்.

முதலில் கெடுவது நம் கால்தான். கோர்ட் நீளம் 28 மீட்டர். இரண்டு ரெஃப்ரி இருக்கும்போது, பந்துக்கு முன்னால் எண்டு லைனுக்கு ஓடிப் போய் நிற்க வேண்டியவர் லீடு. பந்தைப் பறித்ததும், எதிரணி திரும்பி வருவதற்குள் ஓடிப்போய்ப் போடும் ஃபாஸ்ட் பிரேக் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தால் அவருக்கு மூச்சு வாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வித்தியாசம் 40-ஐத் தாண்டியதும் சிலர் ஹாஃப் லைனிலேயே நின்றுவிடுகிறார்கள். "எப்படியும் லே-அப்தானே, இங்கிருந்தே தெரியுது" என்று ஒரு சமாதானம். ரிங்குக்குப் பக்கத்தில் ஓடி ஏறிப் போடும் அந்த லே-அப்பைத் தடுக்க ஒரு குழந்தை உயிரைக் கொடுத்து ஓடிவந்து, ஏறிக்கொண்டிருப்பவளின் காலுக்குக் கீழே நுழைவது அங்கிருந்து தெரியாது. கணுக்கால் பிசகுவது, தலை தரையில் மோதுவது எல்லாம் இந்த மாதிரி மேட்சில்தான் அதிகம் பார்க்கிறேன். ஒரு பக்கம் முழு வேகம், இன்னொரு பக்கம் களைப்பும் பழக்கமின்மையும். இரண்டும் காற்றில் சந்திக்கும் இடத்தில் நம் கண் இருக்க வேண்டும்.

அடுத்து கெடுவது விசில். இது இரண்டு விதமாகக் கெடும்.

ஒன்று, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று விசிலை விழுங்குவது. ஃபவுல் ஊதினால் கடிகாரம் நிற்கும், ஃப்ரீ த்ரோவுக்கு வரிசையாக நிறுத்த வேண்டும், நேரம் போகும். அதனால் கையில் அடித்தாலும் பார்க்காத மாதிரி போய்விடுவது. இதில் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குவார்ட்டரில் ஒரு டீம் நான்கு ஃபவுல் செய்த பிறகு, ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முழு மேட்சிலும் ஒரு பந்தைக்கூட நிம்மதியாக ரிங்கைப் பார்த்து எறிய முடியாத டீமுக்கு, யாரும் குறுக்கே வராமல், பலகைக்கு 4.60 மீட்டர் தூரத்தில் நின்று, நிதானமாக எறியக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது. 14 வயதுக்குட்பட்ட பிரிவில் பாதிப் பேருக்குப் பந்து 3.05 மீட்டர் உயர ரிங்கை எட்டவே எட்டாது. பரவாயில்லை. அந்த எறிதல் அவர்களுடையது. நேரமாகிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது, பாவம் பார்த்து ஊதுவது. ஜெயிக்கிற டீம் தொட்டாலே ஃபவுல், தோற்கிற டீம் பந்தைத் தட்டாமல் நான்கு அடி எடுத்து வைத்தாலும் கண்டுகொள்ளாமல் விடுவது. மனசு நல்ல மனசுதான். ஆனால் இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஜெயிக்கிற டீமில் ஆடுவதும் குழந்தைகள்தானே. நேர்மையாகப் பந்தைத் தட்டிப் பறித்த பிள்ளைக்கு ஐந்தாவது ஃபவுல் கொடுத்து வெளியே அனுப்பினால் அவனுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? தோற்கிற பிள்ளைகளுக்கும் புரியாமல் இல்லை. "சார் நமக்காக விட்டுட்டார்டா" என்று பெஞ்சில் பேசிக்கொள்வது நம் காதிலேயே விழும். அதை விடப் பெரிய தோல்வி அவர்களுக்கு ஸ்கோர் போர்டில் கிடையாது.

அப்படியென்றால் கல் மாதிரி நின்று ஊத வேண்டுமா? அப்படியும் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்கிறேன். 14 வயதுக்குட்பட்ட பெண்கள் மேட்ச், மூன்றாவது குவார்ட்டர். சின்ன டீமுக்குப் பந்தைக் கொண்டுவரும் பெண் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். அளவு பெரிது, திரும்பும்போதெல்லாம் கால் ஷூவுக்குள்ளேயே நகர்ந்தது. பந்தை வாங்கியதும் இரண்டு பேர் வந்து மூடிவிடுவார்கள். அவள் பயத்தில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைப்பாள். டிராவலிங், அதாவது பந்தைத் தட்டாமல் காலை நகர்த்தும் தப்பு. ஊதி, கைகளைச் சுற்றிக் காட்டினேன். அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்த தடவை பந்தை என் கையில் கொடுத்துவிட்டு, "சார், நான் என்ன சார் பண்றேன்?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. பந்து டெட், அதாவது ஆட்டம் நின்றிருந்தது; எதிரணி சைடு லைனுக்கு வந்துகொண்டிருந்தது. சில விநாடி கிடைத்தது. "இந்த இடது கால் தரையை விட்டு எழும்பக் கூடாதும்மா. வலது காலை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தி வை" என்று என் ஷூவை வைத்தே காட்டினேன். தலையாட்டினாள். அடுத்த தடவையும் டிராவலிங்தான். ஊதினேன். இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள்.

நான் சொல்ல வருவது அவ்வளவுதான். விசில் மாறக் கூடாது, பேச்சு மாறலாம். டெட் பாலில் ஒரு வார்த்தை சொல்ல விதியில் தடையில்லை. எதிரணிப் பிள்ளை கேட்டாலும் அதே மாதிரி சொல்லுங்கள். பக்கத்தில் எதிரணி கோச் நின்றால் அவர் காதில் விழும்படியே சொல்லுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கல், ஆள் குறைவது. சின்ன டீம் பெரும்பாலும் ஆறு பேர், ஏழு பேரோடுதான் வரும். ஆறு பேரோடு வந்த டீமில் ஐந்து ஃபவுலில் இரண்டு பேர் வெளியே போனால் கோர்ட்டில் நான்கு பேர் ஆகிவிடுவார்கள். பதறி மேட்சை நிறுத்திவிடாதீர்கள். தொடங்கும்போதுதான் ஐந்து பேர் கட்டாயம். நடுவில் குறைந்தால், ஆடத் தயாராக இரண்டு பேர் இருக்கும் வரை மேட்ச் போகும். இரண்டுக்கும் கீழே போனால்தான் அந்த டீம் தோற்றதாக முடிவு. இந்த விதி தெரியாமல் நான்கு பேர் ஆனதுமே "முடிச்சுக்கலாமா சார்?" என்று கேட்கும் ரெஃப்ரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு பேரும் ஆடத் தயாராக நிற்கிறார்கள். கேட்பதென்றால் அவர்களைக் கேளுங்கள்.

நான்காவது குவார்ட்டரில் வாயையும் கையையும் கவனியுங்கள். தோற்கிற பக்கம் எரிச்சலில் சட்டையைப் பிடித்து இழுப்பது, முழங்கையை வீசுவது. ஜெயிக்கிற பக்கம் கூடையில் போட்டுவிட்டு முகத்துக்கு நேராகச் சிரிப்பது. முதல் தடவையே கேப்டனைக் கூப்பிட்டு எச்சரியுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால், உடல் படாமல் செய்யும் சேட்டைக்கு டெக்னிக்கல் ஃபவுல். பந்தை விட்டுவிட்டு ஆளைக் குறிவைத்தால் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல், எத்தனை புள்ளி வித்தியாசம் என்று பார்க்கவே வேண்டாம்.

சரி, இப்போது கோச்சுகளுக்கு. ஸ்கோர் இப்படி ஏறுவதற்கு முக்கியமான காரணம் முழுக்கோர்ட் பிரஸ், அதாவது பந்து வைத்திருக்கும் டீமை அவர்கள் பக்கத்திலேயே நெருக்கி மறிப்பது. பழகாத டீம் விதிப்படி கிடைக்கும் எட்டு விநாடிக்குள் ஹாஃப் லைனைத் தாண்டவே தாண்டாது. பந்து பறிபோகும், லே-அப், மறுபடி எண்டு லைனிலிருந்து எறிவார்கள், மறுபடி பறிபோகும். ஒரு நிமிடத்தில் பத்துப் புள்ளி. பிரஸ்ஸை எடுங்கள் என்று ரெஃப்ரி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2009 ஜனவரியில் டெக்சாஸில் கவனன்ட் என்ற பள்ளியின் பெண்கள் அணி, டாலஸ் அகாடமி அணியை 100-0 என்று வென்றது. பாதி நேரத்திலேயே 59-0. டாலஸ் அகாடமி, கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி. அணியில் எட்டே பெண்கள். ஜெயித்த பள்ளியே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பில் எனக்கு உடன்பாடில்லை என்று அறிவித்த அந்தப் பள்ளியின் கோச் வேலையை இழந்தார். 2015 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் அரோயோ வேலி பள்ளி, புளூமிங்டன் பள்ளியை 161-2 என்று வென்றது. அந்த கோச்சுக்கு இரண்டு மேட்ச் சஸ்பென்ஷன். இரண்டாவது மேட்சைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பாதி நேரத்தில் 104-1. இரண்டாம் பாதியில் பிரஸ்ஸை எடுத்துவிட்டு பெஞ்சில் இருந்தவர்களைத்தான் ஆடவிட்டேன் என்று அந்த கோச் சொன்னார். அப்படியும் அந்தப் பாதியில் 57 புள்ளி விழுந்திருக்கிறது.

எனக்கு இதில் பட்டது இரண்டு. பிரஸ்ஸை எடுக்க வேண்டிய நேரம் பாதி நேரம் முடிந்த பிறகு அல்ல, முதல் குவார்ட்டர் முடிவதற்குள். இன்னொன்று, பெஞ்சிலிருந்து வரும் பிள்ளையிடம் "ஷூட் பண்ணாதே" என்று சொல்லவும் முடியாது. அவளுக்கும் ஆட அன்றைக்குத்தான் வாய்ப்பு. ஆகவே எல்லாவற்றையும் கோச்சின் நல்ல மனசில் விட்டுவிட்டால் போதாது. போட்டி விதியிலேயே ஏதாவது இருக்க வேண்டும்.

புள்ளி வித்தியாசம் முக்கியமாச்சே, லீக்கில் சமமாக வந்தால் அதைத்தானே பார்ப்பார்கள் என்று கோச்சுகள் சொல்வார்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதியைச் சரியாகப் படியுங்கள். இரண்டு மூன்று டீம் சமமாக வந்தால், முதலில் பார்ப்பது அந்த டீம்கள் தங்களுக்குள் ஆடிய மேட்ச்களின் வெற்றி தோல்வி. அடுத்து அதே மேட்ச்களின் புள்ளி வித்தியாசம். அடுத்து அதே மேட்ச்களில் போட்ட புள்ளி. இவ்வளவும் சமமாக இருந்தால்தான் குரூப்பின் எல்லா மேட்ச் வித்தியாசமும் கணக்கில் வரும். குரூப்பிலேயே பலவீனமான டீமை 50-க்குப் பதிலாக 90 வித்தியாசத்தில் அடித்தது உதவுகிற நிலைமை மிக மிக அபூர்வம். நாக் அவுட்டில் அந்தக் காரணமும் இல்லை. ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் அடுத்த சுற்றுதான்.

ஃபீபாவின் பொது விதியில், இவ்வளவு வித்தியாசம் வந்தால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட்டு என்று எதுவும் கிடையாது. அமெரிக்கப் பள்ளி மேட்ச்களில் பல மாநிலங்களில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் வித்தியாசம் 30, 35, 40 என்று மாநிலத்துக்கு மாநிலம் ஒரு அளவு. அதைத் தாண்டினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், டைம் அவுட் மாதிரி சில நேரங்களில் மட்டும் நிற்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஆட்டம் ஆட்டமாகவே நடக்கும், ஃபவுல் ஃபவுல்தான், ஃப்ரீ த்ரோவும் உண்டு, நேரம் மட்டும் வேகமாகப் போகும். ஸ்கோர் எழுதுவதையே நிறுத்திவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியும். அதோடு, ஆறாவது புள்ளியைப் போட்ட பிள்ளைக்கு அது போர்டில் ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஓடும் கடிகாரத்தை மேட்ச் நடுவில் நாமாக முடிவு செய்யக் கூடாது. டேபிளில் இருப்பவரிடம் ஜாடை காட்டி "ஓட விடு" என்று சொல்வதை இப்போது பல இடத்தில் சாதாரணமாகச் செய்கிறார்கள். தோற்கிற டீமின் நேரத்தை யாரையும் கேட்காமல் வெட்டுவது அது. போட்டிக்கு முந்தைய நாள் பி.இ.டி.க்கள் கூட்டம் நடக்கும் இல்லையா, டிரா போடும் அதே கூட்டம், அங்கே பேசுங்கள். இரண்டாம் பாதியில் 40 வித்தியாசம் வந்தால் கடிகாரம் ஓடும், டைம் அவுட்டுக்கும் ஃப்ரீ த்ரோவுக்கும் காயத்துக்கும் நிற்கும், வித்தியாசம் 30-க்குக் கீழே வந்தால் பழையபடி என்று மூன்று வரி எழுதி, வந்திருக்கும் எல்லாப் பள்ளியும் கையெழுத்துப் போடட்டும். மேட்ச் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டிவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கும் டிப் ஆஃபுக்குப் போங்கள்.