ஆம்புலன்ஸ் வந்த நேரத்தைக் கிராமசபையில் வாசியுங்கள்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தின் கூட்டத்தில் 2025 அக்டோபரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, புறநோயாளிகள் கூட்டத்தைப் பார்த்து முடித்த கையோடு இங்கே வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, ஊராட்சியின் தனி அலுவலர் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் தெருவிளக்கு எரிகிறதென்றால் அது அவர்கள் காலத்து வேலை. அதற்கு முன்னால் பிரசவ வலி வந்த பெண்ணை டார்ச் அடித்துக்கொண்டு கூட்டிப்போன ஊர் இது. அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். தேநீர் ஏற்பாடு செய்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களுக்கும், நாற்காலி தந்த கோயில் தர்மகர்த்தா அவர்களுக்கும், சேர்களை வரிசையாகப் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி. வாசலோரமாக நிற்கும் 108 ஆம்புலன்ஸை ஓட்டும் பைலட் தம்பியையும் மருத்துவ உதவியாளர் தங்கையையும் உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். "அழைப்பு வந்தா ஓடணும் ஐயா" என்று நின்றே கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முறை கைதட்டுவோம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அவசர சிகிச்சையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது. இரண்டு, வண்டி வருவதற்குள் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும். மூன்று, வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்ற கணக்கு. மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன். பத்தொன்பது வருடமாக என் நெஞ்சில் கிடப்பது அதுதான்.

எங்கள் அப்பத்தா ஒரு பித்தளை உழக்கு வைத்திருந்தாள். குழம்புக்குப் பருப்பும் அதில்தான், கோழிக்குக் கம்பும் அதில்தான். வாசலில் வந்து நிற்பவருக்குப் போடும் அரிசியையும் அதில் அளந்துதான் போடுவாள். "பிச்சைக்குக்கூட அளக்கணுமா அப்பத்தா?" என்று கேட்டேன். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடணும்டா. குறைச்சுப் போடறதுக்கு இல்ல, எவ்வளவு போட்டோம்னு தெரியறதுக்கு" என்றாள். நான் நிலைய அதிகாரியாக முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் வேலை பார்த்தேன். அங்கேயும் இதே பாடம்தான். ரயில் கடந்த நிமிடத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு ரயில் காரணமில்லாமல் இரண்டு நிமிடம் நின்றாலும் கன்ட்ரோலர் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார்.

2006 ஐப்பசி மாதம். எனக்கு இரவுப் பணி. நல்ல மழை. மணி 11.10. நேரத்தை எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், அப்போதுதான் ஒரு ரயிலுக்கு லைன் கிளியர், அதாவது ரயில் வரலாம் என்ற அனுமதி, கொடுத்துவிட்டு நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருத் தையற்காரரின் மகன், பதினாலு வயதுப் பையன், நனைந்துகொண்டே ஓடிவந்து நிற்கிறான். "சார், அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். போன் போட்டுக் கொடுங்க சார்."

தையற்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய பள்ளிக்கூடத் தெரு முக்கில் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. நிலையத்துப் பச்சைக்கொடி, சிவப்புக்கொடிகளின் ஓரம் பிரிந்தால் அவரிடம்தான் கொடுப்பேன். மடித்து அடித்துத் தருவார். காசு கொடுத்தால், "ரயிலை நிறுத்தற கொடிக்குக் காசா?" என்பார். அவர் அடித்த ஓரம் அதற்குப் பிறகு பிரிந்ததே இல்லை.

அந்தக் காலத்தில் நமக்கு 108 கிடையாது. ஆனால் ஊருக்கென்று ஒரு ஆம்புலன்ஸ் இருந்தது. வெள்ளை ஆம்னி வேன். யார் வாங்கித் தந்தது, யார் ஓட்டியது என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன். வாங்கித் தந்தவர் பெயர் வண்டியின் இரண்டு பக்கமும் அரை அடி உயரத்துக்கு எழுதியிருந்தது, அது போதும். கொடியசைத்துத் தொடங்கிவைத்த அன்று மேளம், மாலை, பந்தல், பிரியாணி. நானும் போய்க் கைதட்டினேன்.

சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் வீட்டுக்குப் போட்டேன். "அவரு இல்லைங்களே" என்றார் வீட்டம்மா. பையனிடம் என் சைக்கிளைக் கொடுத்து, "நேரா ஷெட்டுக்குப் போ, வண்டி நின்னா கண்ணாடியைத் தட்டு" என்று அனுப்பினேன். 11.34-க்குத் திரும்பி வந்தான். "ஷெட்டு காலியா இருக்கு சார்." என்னால் நிலையத்தை விட்டு நகர முடியாது. இரண்டு ரயில் வர வேண்டியிருக்கிறது. சரக்கு வண்டி 11.41-க்குக் கடந்தது. அதற்குக் கைவிளக்கைக் காட்டிவிட்டு மறுபடி போனை எடுத்தேன். பக்கத்து ஊர் டாக்சிக்காரர், அரிசி ஆலைக்காரர், லாரி புக்கிங் ஆபீஸ் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டேன். அந்த மும்முரத்தில் அடுத்த ரயிலுக்குச் சிக்னல் கொடுக்கத் தாமதித்துவிட்டேன். பாசஞ்சர் ரயில் நாலு நிமிடம் வெளிச் சிக்னலில் நின்றது.

12.50 வாக்கில், சந்தைக்குக் காய்கறி ஏற்றப்போன ஒரு டெம்போவைத் தெருக்காரர்கள் கைகாட்டி நிறுத்தினார்கள். காலிச் சாக்குகளை விரித்து, அதன்மேல் அவரைப் படுக்கவைத்து, தார்ப்பாயால் மூடி, 1.05-க்குக் கிளம்பினார்கள். தாலுகா மருத்துவமனை 27 கிலோமீட்டர். பாதி வழியில் மகனின் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துவிட்டது.

மறுநாள் காலை எனக்கு ஒரு கடிதம் வந்தது. "பாசஞ்சர் ரயில் நான்கு நிமிடம் தாமதமானதற்கு விளக்கம் தருக." எழுதிக் கொடுத்தேன். தவறு என்னுடையதுதான். கேட்டது நியாயம், பதில் சொன்னது கடமை. ஆனால் அய்யா, 11.10-லிருந்து 1.05 வரை ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாரே, அந்த 115 நிமிடத்துக்கு யார் யாரிடம் விளக்கம் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வந்த ஜனவரி 26 கிராமசபையில் எழுந்து கேட்டேன். வண்டி ஊராட்சியுடையது இல்லை என்றார்கள். டீசல் யார் போடுகிறார்கள் என்றேன். பொதுப்பணம்தான் என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல்தான் வந்திருந்தது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. பதிவேட்டை நேரில் பார்வையிடும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு. அதைத்தான் கேட்டேன்.

நீள நோட்டு. அட்டையில் பிள்ளையார் சுழி. நாலு கட்டம்: தேதி, நோயாளி பெயர், சென்ற இடம், கிலோமீட்டர். அந்த ஐப்பசி மாதப் பக்கத்தை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிலோமீட்டர் கட்டம் வரிக்கு வரி ஏறிக்கொண்டே போகிறது. நோயாளி பெயர்க் கட்டம் காலி. தையற்காரர் போன அந்த நாளுக்கு நேராக 38 கிலோமீட்டர். பெயர் இல்லை, இடம் இல்லை. பிறகுதான் ஊரில் சொன்னார்கள், ஒரு பிரமுகர் வீட்டுக் காதுகுத்துக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தது என்று. அப்பத்தா ஞாபகம் வந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இங்கே ஆற்றில்தான் போட்டிருக்கிறார்கள், அளக்கவும் இல்லை.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். 2008 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது. கட்டணம் இல்லை, சிபாரிசு வேண்டாம், எந்தப் பிரமுகர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். தையற்காரர் இரண்டு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை. நம் அழைப்பு சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அழைத்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் பதிவாகிறது. வாசலில் நிற்கும் தங்கை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகப் படிவம் எழுதுகிறார். ஆக, அளக்கிறார்கள். அளந்தது நமக்குத் தெரிவதில்லை. அது ஒன்றுதான் குறை.

நமக்குச் சொல்லப்படுவது சராசரி. மாநிலச் சராசரி, மாவட்டச் சராசரி. நகரத்தில் எட்டு நிமிடத்தில் வண்டி போய், ஒரு மலையடிவாரக் குக்கிராமத்துக்கு ஐம்பது நிமிடம் ஆனால், இரண்டையும் கூட்டி வகுத்தால் 29 வரும். குக்கிராமத்தில் காத்திருந்தவருக்கு அந்த 29 எதற்கு ஆகும்? இன்னொன்று. தாலுகா மருத்துவமனையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியை மாற்றவும் இதே 108 வண்டிகள்தான் போகின்றன. போகத்தான் வேண்டும். அந்த மூன்று நான்கு மணி நேரம் நம் பக்கம் எந்த வண்டி நிற்கிறது? மாதத்தில் எத்தனை இரவு அப்படி நேர்கிறது? அது தெரிந்தால்தானே இன்னொரு வண்டி வேண்டும் என்று ஊர் வாய் திறந்து கேட்க முடியும்! பைலட் தம்பியின் மேல் குற்றம் சொல்ல நான் இதைக் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கும் அவருக்காகவும்தான் கேட்கிறேன். கணக்கு வெளியே இருந்தால், தாமதம் அவர் ஓட்டியதாலா, ரோட்டாலா, வண்டி பற்றாததாலா என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கு உள்ளே இருந்தால் வசவு முழுக்க ஸ்டியரிங் பிடித்தவருக்குத்தான் போகும்.

"ஊராட்சிக்கும் ஆம்புலன்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த பதினோராவது அட்டவணையில் 29 துறைகள். 23-ஆவது, சுகாதாரம், மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அதில் அடக்கம். ஊராட்சியில் கிராம சுகாதாரக் குழு இருக்கிறது, மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. யார் யார் உறுப்பினர் என்று இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஒரே ஒரு தீர்ப்பை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது ரயிலோடு சம்பந்தப்பட்டது. 1992 ஜூலை 8. மேற்கு வங்கத்தில் மதுராபூர் நிலையத்தில் ஒரு விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபடுகிறார். அரசு மருத்துவமனை மாற்றி அரசு மருத்துவமனையாக அலைகிறார்கள். வசதி இல்லை, படுக்கை இல்லை. கடைசியில் தனியாரிடம் போய்ப் பிழைக்கிறார். 1996-இல் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்கு எதிரானது, பணம் இல்லை என்று அரசு இதில் கைவிரிக்க முடியாது என்றது. 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. அந்த வழக்கில் நின்றது எது தெரியுமா? எந்த மருத்துவமனைக்குப் போனார், எப்போது போனார், அங்கே என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்ற பதிவுகள். எழுதிவைத்திருந்ததால்தான் நீதி கேட்க முடிந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

இரண்டாவது செய்தியை, வண்டி வருவதற்குள் மார்பை எப்படி அழுத்துவது என்பதையெல்லாம், மருத்துவ அலுவலர் அம்மா என்னைவிடப் பத்து மடங்கு நன்றாகச் சொல்வார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றிலும் அந்த ஒரு பக்கத்தை வாசியுங்கள். இந்த ஊராட்சியிலிருந்து எத்தனை அழைப்பு போனது, எத்தனை மணிக்குப் போனது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. நோயாளி பெயர் வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம். அது அவரவர் அந்தரங்கம். நேரம் மட்டும் போதும்.

கடந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் முடிந்துவிட்டது, தலைவர் இல்லாதபோது தீர்மானம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். மன்றத்தின் காலம் முடியும், கிராமசபையின் காலம் முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வளர்ச்சி அலுவலர் ஐயா இங்கேயே இருக்கிறார்கள். தீர்மான வாசகத்தை இந்த மேடையில் வைத்தே அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன். அன்போடு வாங்கிக்கொண்டார்கள், நன்றி.

அடுத்த கிராமசபை நவம்பர் 1, உள்ளாட்சி நாள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மேற்பார்வையாளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பின்பக்கம் தேநீர் மேசையில் கையெழுத்துப் படிவம் இருக்கிறது. பெயர், வார்டு எண், கையெழுத்து. கையெழுத்துப் போட வராத பெரியவர்களுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம். படிவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. அன்றைக்கு என் சைக்கிளில் ஷெட்டுக்குப் போய் வந்த பையன்தான். அப்பாவின் மிஷினை இன்னும் அதே முக்கில்தான் மிதிக்கிறார். அவரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடியுங்கள்.

வணக்கம்.