கைக்கு வருவது எவ்வளவு, கட்ட வேண்டியது எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் பல ஆண்டுகள் கல்விக் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில்தான், ஐ.டி. படிப்புக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று இன்று பேச வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மாங்காய் சீசன் முடிகிற நேரமும் கல்லூரி அட்மிஷனும் ஒன்றாக வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்பா கிளைக்கு வருவார். மஞ்சப்பையிலிருந்து பளபளப்பான கல்லூரிப் புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். ஓசூர் தாண்டினால் பெங்களூர்தானே, அங்கே 'இன்ஃபர்மேஷன் சயின்ஸ்' என்ற பிரிவு. நம் கல்லூரிகளில் பி.டெக். ஐ.டி. என்கிறோமே, ஏறக்குறைய அதே வகைப் படிப்புதான். புத்தகத்தின் முதல் பக்கத்தில், அந்தக் கல்லூரியில் ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்த அதிகபட்சச் சம்பளம் பெரிய எழுத்தில் இருக்கும். அப்பாவின் விரல் அந்த எண்ணின் மேலேயே நிற்கும்.

நான் கேட்பது வேறு எண். படித்து முடித்த நூறு பேரைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால், ஐம்பதாவதாக நிற்கிற பிள்ளைக்கு என்ன சம்பளம்? வேலையே கிடைக்காதவர்களையும் அந்த வரிசையில் சேர்த்துத்தான் கேட்கிறேன். அந்தக் கேள்விக்குக் கல்லூரியிலிருந்து பதில் வாங்கி வந்தவர்கள் மிகச் சிலர். கடனை அந்த ஐம்பதாவது பிள்ளையை வைத்துத்தான் அளக்க வேண்டும். முதல் ஆளை வைத்து அளந்த குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களைப் பெரும் எண்ணிக்கையில் எடுக்கும்போது தருகிற ஆண்டுச் சம்பளம், பத்து ஆண்டுகளுக்கு மேலாகவே மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. விலைவாசி ஏறியது, கல்லூரிக் கட்டணம் ஏறியது, இது மட்டும் பெரிதாக ஏறவில்லை. அந்த மூன்றரை லட்சமும் முழுதாகக் கைக்கு வராது. சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்கிற மொத்தச் செலவு, என்று ஆஃபர் லெட்டரில் போடுகிற தொகைக்குள் நிறுவனம் கட்டுகிற பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், ஆண்டு முடிவில் வந்தாலும் வரலாம் என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அடக்கம். பிள்ளையின் பங்கு பி.எஃப். வேறு பிடிப்பார்கள். கடைசியில் கைக்கு வருவது மாதம் 23,000, 24,000 ரூபாய். பெங்களூரிலோ சென்னை ஓ.எம்.ஆரிலோ சாப்பாட்டோடு தங்குமிடம், பஸ், போன் என்று போனால் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும்.

இப்போது கடன் பக்கம். கவுன்சிலிங்கில் இடம் கிடைத்து, ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி அந்த ஐந்து வருடமும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் ஆண்டு வாங்கிய லட்சத்துக்கு 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. மொத்தம் 1,40,000 ரூபாய் அசலோடு சேர்ந்துவிடும். ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தைப் பத்து ஆண்டில் அடைக்க, மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய். கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிரமம்தான், ஆனாலும் சமாளிக்கலாம்.

அதே பிள்ளை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்து, ஆண்டுக்கு மூன்று லட்சம் வீதம் 12 லட்சம் வாங்கினால்? வட்டி சேர்ந்து 16 லட்சத்து 20 ஆயிரம். பதினைந்து ஆண்டு தவணை போட்டாலும் மாதம் 17,400 ரூபாய். படிப்பும் அதேதான், அந்த ஐம்பதாவது ஆளின் சம்பளமும் அதேதான். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும், வீட்டுப் பத்திரம் லாக்கருக்குப் போய்விடும். அப்பாவும் கடனில் கையெழுத்துப் போட்டவர் என்பதால், தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கிற அவருடைய சிபில் மதிப்பெண்ணும் கீழே இறங்கும். அதன்பிறகு அவர் டிராக்டருக்குக் கடன் கேட்டு வந்தால் எந்தக் கிளை மேலாளரும் தயங்குவார்.

பெங்களூருக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, தமிழ்நாட்டு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் கிடைக்கும். எல்லை தாண்டிய அன்றே அது போய்விடுகிறது.

குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. தவணை தொடங்கும்வரை ஓடுகிற வட்டியை அரசே கட்டும். கல்லூரிக்கும் கோர்ஸுக்கும், தரத்தை மதிப்பிடும் அமைப்புகளான நாக் அல்லது என்.பி.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு என்ன விதி என்பதையும் கிளையிலேயே கேட்டுவிடுங்கள். வருமானச் சான்றிதழை நேரத்தோடு வாங்கித் தராமல் இந்த மானியத்தை இழந்த வீடுகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

எங்கள் கிளையில் அதே நான்கு லட்சம் கடன் வாங்கிய ஒரு பெண்ணுக்கு அந்த மானியம் கிடைக்கவில்லை. அப்பா, அம்மா இருவர் சம்பளமும் சேர்ந்து வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. கையெழுத்துப் போட வந்த அன்று, வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டினால் எவ்வளவு வரும் என்று அவளுடைய அம்மா கேட்டார். முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய். இரண்டாம் ஆண்டு 1,667, பிறகு 2,500. நான்காம் ஆண்டிலிருந்து 3,333. இப்படிப் படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டினால் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைத்தும் தரும். அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் தவணை 7,136இலிருந்து 5,286ஆக இறங்குகிறது. பத்து ஆண்டில் தவணையில் மட்டும் அந்த வித்தியாசம் 2,22,000 ரூபாய்.

அந்த அம்மா சீட்டுப் பணத்திலிருந்து கட்டினார். 2022இல் படிப்பு முடித்த பலரைப் போல அந்தப் பெண்ணும் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தாள். அந்த மாதங்களிலும் வட்டி நிற்கவில்லை. வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வந்ததும் கிளைக்கு வந்தாள். பே ஸ்லிப்பை என் மேசைமேல் விரித்து, கடைசி வரியில் இருந்த 23,640ஐச் சுட்டிக்காட்டி, "சார், இந்த மாசத்துல இருந்து வட்டிய என் அக்கவுண்ட்லயே பிடிச்சுக்கோங்க. அம்மாகிட்ட வாங்காதீங்க" என்றாள். படிவத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நன்றி, வணக்கம்.