கோப்பை முற்று, கோச் எச்சம்

(தலைப்பு: கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரின் பெருமை வென்ற கோப்பையிலா, விட்டுச்சென்ற வழியிலா? ‘விட்டுச்சென்ற வழியிலே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, ஏற்கெனவே ஜெயித்துவிட்டது போல எதிரில் உட்கார்ந்திருக்கும் மூவரே, பொங்கல் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் விழித்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

உள்ளே வரும்போதே பார்த்தேன். வேட்டி, புடவைக்கு நடுவில் வெளிர்நீலச் சட்டை சில, கருநீலச் சட்டை சில. வெளிர்நீலம் சாப்பல் ஹில், கருநீலம் டியூக்; பரம எதிரிகளான இரண்டு பல்கலைக்கழக அணிகள். வட கரோலினாவுக்குக் குடிவந்தவனிடம் ஊர் பேர் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள்: நீ சாப்பல் ஹில்லா, டியூக்கா? நான் இன்று இரண்டு சட்டைக்காரர்களிடமும் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் ஜான் வுடன் 10 தேசியக் கோப்பை. டியூக்கின் மைக் ஷஷெவ்ஸ்கி, அதாவது நம் ‘கோச் கே’, 5. கென்டக்கியின் அடால்ஃப் ரப் 4. சாப்பல் ஹில்லின் டீன் ஸ்மித் 2. “எண் பொய் சொல்லாது நடுவரே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மளிகைக் கடை பில்லைப் படித்தது மாதிரி இருந்தது.

சரி அண்ணே, நானும் எண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 55 வெற்றி, 60 தோல்வி. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்ற கணக்கோடு போனவர் ஒரே ஒருவர்தான். அவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டு பீச் பழக்கூடைகளை உயரத்தில் ஆணியடித்து மாட்டி, இந்த ஆட்டத்தையே உண்டாக்கிய மனிதர்! அண்ணனின் பில்லில் அவர் பெயர் வராது. ஆனால் அவருக்குப் பின் கான்சஸில் பயிற்சியாளராக வந்த ஃபாக் ஆலன் அவரிடம் ஆடியவர். ஆலனிடம் ஆடியவர்கள் யார்? அந்த 4 கோப்பை ரப். அந்த 2 கோப்பை ஸ்மித். அண்ணே, உங்கள் தாளில் பாதி, 60 தோல்விக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

பள்ளிக்கூடத்தில் இலக்கண ஐயா சொல்லிக் கொடுத்தாரே, வினைமுற்று, வினையெச்சம் என்று. ‘வென்றான்’ என்றால் முற்று. அங்கே வாக்கியம் முடிந்தது, புள்ளி வை. ‘சொல்லிக் கொடுத்து’ என்று நிறுத்தினால் எச்சம். என்ன ஆயிற்று, யார் என்ன செய்தார் என்று இன்னொரு சொல் வந்துதான் அதை முடித்துவைக்க வேண்டும். கோப்பை முற்று, நடுவர் அவர்களே. கோச்சின் வேலை எச்சம். (காக்கை எச்சம் இல்லை அண்ணே, சிரிக்காதீர்கள்.)

இனி அந்த அளவைக்கு வருவோம். பட்டணம் படியில் அளந்த நெல்லையும் சின்னப் படியில் அளந்த நெல்லையும் ஒரே மூட்டையில் கொட்டிக் கணக்குப் பார்த்தால் வியாபாரி சும்மா விடுவாரா? வுடன் முதல் கோப்பையை வென்றது 1964இல். அந்த வருடம் தேசியப் போட்டியில் மொத்தம் 25 அணிகள். நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. பெரும்பாலும் ஒரு லீக்குக்கு ஓர் அணிதான் உள்ளே வரும். இன்று 68 அணிகள், ஆறு ஆட்டம். அதனால் வுடன் காலம் சுலபமா? அதுவும் இல்லை. அப்போது முதலாண்டு மாணவன் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற லூ அல்சிண்டர் கையில் இருந்தும், ஒரு வருடம் அவரை முதலாண்டு அணியிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. 1965 நவம்பரில் அந்த முதலாண்டுப் பையன்கள், இரண்டு வருடம் தொடர்ந்து தேசிய சாம்பியனாக இருந்த தங்கள் கல்லூரி அணியையே 75க்கு 60 என்று தோற்கடித்தார்கள். அந்தப் பையன்களுக்கு 1966இல் கோப்பைக்கு ஆட அனுமதி கிடையாது. இன்றோ, பையன் ஒரே வருடம் ஆடிவிட்டு, சம்பளத்துக்கு ஆடும் என்பிஏ லீக்குக்குப் பறந்துவிடுகிறான். அன்று தூரத்தில் இருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு இல்லை; இத்தனை வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று விரட்டும் ஷாட் கிளாக் இல்லை. 1967 முதல் சில வருடம் பந்தை வளையத்துக்குள் அறையவே தடை. எந்தப் படியால் அண்ணே அளந்தீர்கள்?

வுடனைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அவர் என் கட்சி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு சீசனிலும் முதல் நாள் பயிற்சியில் அவர் என்ன சொல்லிக் கொடுப்பார் தெரியுமா? சாக்ஸ் போடுவது. நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, சாக்ஸை விரல் நுனியில் இருந்து குதிகால் வரை மடிப்பில்லாமல் இழுத்துத் தடவிவிட்டு, அப்புறம் ஷூ, அப்புறம் கயிறு. மடிப்பு இருந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. பள்ளி அணியில் ஆடும் என் மகளிடம் இதைச் சொன்னேன். “அப்பா, எனக்கு சாக்ஸ் போடத் தெரியும்” என்று முறைத்தாள். அடுத்த வாரம் கொப்புளத்தோடு வந்தாள்.

இந்த வுடன் யுசிஎல்ஏவில் சேர்ந்தது 1948இல். முதல் தேசியக் கோப்பை வந்தது பதினாறாவது சீசனில். கோப்பைதான் அளவு என்ற எதிரணியினர் அந்தக் கல்லூரி நிர்வாகத்தில் இருந்திருந்தால் பதினாறு வருடம் பொறுத்திருப்பார்களா? கோச் கேயும் அப்படித்தான். 1980இல் டியூக்குக்கு வந்தார். இரண்டாவது சீசன் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாவது சீசன் 11க்கு 17. அனுப்பிவிடுங்கள் என்று பழைய மாணவர்கள் குதித்தார்கள். டீன் ஸ்மித் கதை இன்னும் விசேஷம். 1965இல் ஓர் ஆட்டத்தில் தோற்று பஸ்ஸில் திரும்பி வந்தால், கல்லூரி வாசலில் அவருடைய கொடும்பாவி தொங்குகிறது! ஆக, நீங்கள் இன்று மாலை போட்டுக் கொண்டாடும் மூன்று பேரையும் உங்கள் அளவுகோல் கையில் இருந்திருந்தால் அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

வுடனிடம் திரும்புகிறேன். யுசிஎல்ஏவுக்கு முன்னால் அவர் இந்தியானாவில் ஒரு ஆசிரியர் கல்லூரியில் பயிற்சியாளர். 1947இல் கான்சஸ் சிட்டியில் நடந்த சிறு கல்லூரிகளின் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. ஒரே நிபந்தனை: கறுப்பின வீரர்கள் ஆடக் கூடாது. அவர் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்று ஒரு கறுப்பினப் பையன். நட்சத்திரம் கூட இல்லை, மாற்று ஆட்டக்காரன். அவனை விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். கோப்பைக்குப் போகும் வழியைத் தானே அடைத்துக்கொண்டார்! அடுத்த வருடம் அந்த விதி நீங்கியது. 1948இல் வாக்கர் ஆடினான், அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவனாக. இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். அண்ணன் கணக்கில் அது சைபர்.

இந்த எச்சத்தை முடித்துவைத்தவர் யார்? எதிரணியில் யாருமே உச்சரிக்காத பெயர். ஜான் மெக்லெண்டன்.

1930களில் கான்சஸில் படித்தவர். கறுப்பினத்தவர் என்பதால் கல்லூரி அணியில் ஆட விடவில்லை. ஆனால் அங்கே ஆசிரியராக இருந்த நெய்ஸ்மித் அவரைத் தன் மாணவனாக எடுத்துக்கொண்டார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே பாடம், ஆனால் களத்தில் கால் வைக்கக் கூடாது; ஏகலைவனுக்காவது குரு எட்ட நின்றார், இவருக்குக் குரு பக்கத்தில், களம்தான் எட்டத்தில். படித்து முடித்து, நம் டர்ஹாமில் கறுப்பின மாணவர்களுக்காக இருந்த கல்லூரிக்கு, இன்றைய நார்த் கரோலினா சென்ட்ரலுக்கு வந்தார். பந்து கைக்கு வந்த நொடியே பாய்ந்து ஓடும் வேக ஆட்டம், களம் முழுக்க எதிரியை நெருக்கிப் பிடிக்கும் தடுப்பு, இதையெல்லாம் மற்றவர்கள் நின்று நிதானமாக ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஆடவைத்தார்.

பிறகு கறுப்பின மாணவர்களின் இன்னொரு கல்லூரியான டென்னசி ஏ அண்ட் ஐக்குப் போனார். அதே கான்சஸ் சிட்டிப் போட்டி. வாக்கருக்குத் திறந்த அதே கதவு. 1957, 1958, 1959, மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியன். கல்லூரிக் கூடைப்பந்தில் தொடர்ந்து மூன்று தேசியக் கோப்பை வென்ற முதல் பயிற்சியாளர் இவர். வுடன் தன் முதல் கோப்பையைத் தொடுவதற்கு ஐந்து வருடம் முன்பே! கோப்பைதான் கணக்கு என்றால், அண்ணே, இவர் ஏன் உங்கள் தாளில் இல்லை? “அது சிறு கல்லூரிப் போட்டி” என்பீர்கள். பெரிய போட்டியின் வாசலில் அவர் ஆட்களை நிறுத்திவைத்தது யார் குற்றம்? புகழ்க் கூடத்தில் அவரை 1979இல் ‘பங்களிப்பாளர்’ என்று சேர்த்தார்கள். ‘பயிற்சியாளர்’ என்று சேர்க்க 2016 ஆயிற்று. அவர் இறந்ததோ 1999இல்.

வெளிர்நீலச் சட்டைக்காரர்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஸ்மித் பெயர் சொன்னாலே நினைவுக்கு வரும் நான்கு மூலை ஆட்டம் இருக்கிறதே, முன்னிலையில் இருக்கும்போது ஆட்களை நான்கு மூலையில் நிறுத்திப் பந்தைக் கைக்குள்ளேயே வைத்து நேரத்தைக் கரைப்பது, அதற்கும் மெக்லெண்டனே முன்னோடி. ஸ்மித் அதை இவ்வளவு நன்றாக ஆடவைத்தார், பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வந்தது. 1985இல் 45 வினாடி ஷாட் கிளாக்கைக் கொண்டுவந்ததற்கு இப்படிப்பட்ட ஆட்டங்களும் ஒரு காரணம். விதிப்புத்தகத்தையே மாற்றவைப்பதும் ஒருவகைச் சாதனைதான், ரசிகன் வயிற்றெரிச்சலோடு சேர்த்து.

ஆனால் ஸ்மித் விட்டுப்போனது அதுவல்ல. கூடை போட்டவன், பந்தைக் கொடுத்தவனை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும் என்று பழக்கினார். இன்று எந்த ஊர் மைதானத்திலும் பொடியன்கள் அதைச் செய்கிறார்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாமலே. 2015இல் அவர் இறந்த பிறகு, அவரிடம் ஆடிய ஏறக்குறைய 180 பேருக்குத் தபாலில் ஆளுக்கு 200 டாலர் காசோலை வந்தது. வெளியே போய் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், என் செலவு என்று குறிப்பு. நட்சத்திரத்துக்கும் அதே 200. பெஞ்சு தேய்த்தவனுக்கும் அதே 200.

2022 ஏப்ரலில் கோச் கேயின் கடைசி ஆட்டம். 1,202 வெற்றி பெற்ற மனிதரின் கடைசி இரவு. எதிரே சாப்பல் ஹில். 81க்கு 77, தோற்றார். எதிரணியின் பெஞ்சில் பயிற்சியாளராக நின்றவர் ஹியூபர்ட் டேவிஸ், ஸ்மித்திடம் ஆடிய பையன். ஸ்மித் போய் ஏழு வருடம் ஆகியிருந்தது, நடுவர் அவர்களே. கருநீலச் சட்டைக்காரர்கள் முறைக்க வேண்டாம். கோச் கேயின் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பதும் அவருடைய மாணவன்தான். அதையும் என் பக்கமே எழுதிக்கொள்கிறேன்.

எதிரணித் தங்கை பெண்கள் அணிப் பயிற்சியாளர் பாட் சம்மிட்டை எடுத்துக்கொண்டார்: டென்னசி, 8 கோப்பை, 1,098 வெற்றி. சரிதான் தங்கச்சி. ஆனால் 1974இல், 22 வயதில் அவர் அந்த வேலைக்கு வந்தபோது பெண்களுக்கு என்.சி.ஏ.ஏ. கோப்பை, அதாவது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பின் கோப்பை, என்று ஒன்றே கிடையாது. அது 1982இல்தான் வந்தது. இல்லாத கோப்பைக்காகவா மாதம் 250 டாலருக்கு வேன் ஓட்டினார், அணியின் உடைகளைத் தானே துவைத்துப் போட்டார்?

ரப்பைப் பற்றி ஒரே வரி. 4 கோப்பை, 876 வெற்றி. 1966 இறுதி ஆட்டத்தில், டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரிப் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் தொடக்கத்திலேயே ஐந்து பேரையும் கறுப்பின வீரர்களாகக் களமிறக்கிய அணியிடம் 72க்கு 65 என்று தோற்ற அந்த ஓர் இரவைத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒரு நிமிடம், ஐயா.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, டர்ஹாம். ஊரும் போலீஸும் தேவாலயத்தில் இருக்கும் நேரம். டியூக் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் அணி கார்களில் சுற்றுவழியாக வந்து இறங்குகிறது. முகம் தெரியாமல் இருக்கத் தலைக்கு மேல் கோட்டு. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடக் கூடாத காலம். தெரிந்தால் வேலை மட்டுமா போகும், உயிரே போகலாம். மெக்லெண்டனுக்கு வயது 28. உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுகிறார். பார்வையாளர் கிடையாது, ஜன்னலில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்த சில மாணவர்கள் மட்டும். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் கை நடுக்கம், பந்து நழுவுகிறது. அப்புறம் மெக்லெண்டனின் பையன்கள் ஓட ஆரம்பித்தார்கள். 88க்கு 44. செய்தித்தாளில் ஒரு வரி வரவில்லை. 1996 வரை வெளியுலகுக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் உடனே கிளம்பவில்லை. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, இரண்டு அணியையும் கலந்து பிரித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பனியனோடு, ஒரு பக்கம் வெறும் மேலோடு. இரண்டிலும் இரண்டு நிறத்தவரும். மறுபடி ஆடினார்கள். அண்ணே, அந்த இரண்டாவது ஆட்டத்தின் ஸ்கோர் உங்கள் தாளில் இருக்கிறதா, பாருங்கள். வணக்கம்.