ஞாயித்துக்கிழமை மலைக்கு, சனிக்கிழமையே கடைக்கு

வணக்கம் நேயர்களே. சுவிட்சர்லாந்து போறவங்க எல்லாம் என்ன பாக்கணும்னுதான் கேக்கறாங்க, என்ன சாப்பிடறதுன்னு முதல் ஹோட்டல் பில்லு வந்தப்புறம்தான் ஞாபகம் வருது. ரெண்டு பேர் சாதாரணமா சாப்பிட்டாலே அம்பது அறுபது ஃபிராங்க் ஓடிரும், அதனால சூப்பர்மார்க்கெட்தான் நமக்கு கதி.

மிக்ரோஸ், கோப்னு ரெண்டு கடை, பெரும்பாலான ஊர்ல ஒண்ணாவது கண்ணுல படும். ரெண்டுமே நம்ம கூட்டுறவு பண்டகசாலை மாதிரி கூட்டுறவு சங்கம்தான், என்ன, கொஞ்சம் பளபளன்னு இருக்கும். மிக்ரோஸ்ல எம்-பட்ஜெட், கோப்ல பிரி கரான்ட்டின்னு போட்டிருக்கறத எடுத்தா விலை கம்மி. கடை மூடற நேரத்துக்கு போனா பிரெட், சாலட் மேல 25%, 50% தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க.

பழம் வாங்கும்போது கவனம். முதல் தடவை நான் நாலு வாழப்பழத்த தூக்கிட்டு நேரா கவுன்டருக்கு போயிட்டேன். நிறைய கடைல பழத்துக்கு பக்கத்துலயே தராசு இருக்கும், ரேக்ல போட்ட நம்பர தட்டினா ஸ்டிக்கர் வரும், அத நாமளே ஒட்டிட்டு போகணும். பின்னாடி ஆறு பேர் நிக்கறாங்க, நான் வாழப்பழத்தோட திரும்ப ஓடறேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, அந்த அமைதிதான் தாங்க முடியல.

இன்னொண்ணு, சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு ஆறு மணிக்கெல்லாம் பல ஊர்ல ஷட்டர் இறங்கிரும், ஞாயித்துக்கிழமை பூட்டுதான், பெரிய ரயில்வே ஸ்டேஷன் உள்ள இருக்கற கடைங்க, சில டூரிஸ்ட் ஊர் கடைங்க மட்டும் விதிவிலக்கு. ஞாயிறு மலை ஏற போறீங்கன்னா சனிக்கிழமையே அரிசி, ஸ்வீட் இல்லாத யோகர்ட் வாங்கி வெச்சிருங்க. தயிர் சாதம் மலைல எறங்கற மாதிரி சாண்ட்விச் எறங்காது. கறிவேப்பிலை வேணும்னா சூரிச், பெர்ன் பக்கம் ஈழத்தமிழர் கடைங்க இருக்கு.

முதல் நடைக்கு நான் சொல்றது கிரிண்டெல்வால்டு ஊர் பக்கத்துல இருக்கற மென்லிஹென் மலைல இருந்து க்ளைனெ ஷைடெக் கணவாய் வரைக்கும். கேபிள் கார்ல மேல போயி, ஐகர் மலைய பாத்துக்கிட்டே நாலரை கிலோமீட்டர், பெரும்பாலும் லேசான இறக்கம், பெரியவங்களும் நடக்கலாம். மஞ்சள் போர்டுல ஒன்றரை மணி நேரம்கற மாதிரி போட்டிருக்கும், அது நிக்காம நடக்கறவன் கணக்கு, போட்டோவுக்கும் தயிர் சாதத்துக்கும் அதுல இடமே கிடையாது, நம்ம குடும்பத்தோட போனா ரெண்டு மடங்கு வெச்சுக்குங்க. வெறும் மஞ்சள் குறி இருந்தா சாதா பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை கோடு மலைப்பாதை, நல்ல கிரிப் ஷூ வேணும், தலைசுத்தறவங்க வேண்டாம். வெள்ளை-நீலம்-வெள்ளை பாத்தா அது ரொம்ப கஷ்டமான பாதை, பேசாம திரும்பிருங்க.

வழில கன்னுக்குட்டியோட நிக்கற மாட்டுகிட்ட செல்ஃபி எடுக்க போகாதீங்க, நம்மூர் பசு மாதிரி நெனச்சு தடவிக் குடுக்க போனா முட்டிரும். சுத்திதான் போகணும், வேலில இருக்கற கேட்டை தாண்டினா திரும்ப மூடிட்டு போகணும்.

மேல ஏறும்போதே கடைசி கேபிள் கார் எத்தன மணிக்குன்னு போர்ட போட்டோ எடுத்துக்குங்க. அத விட்டா கீழ வரைக்கும் நடைதான், முட்டி கழண்டுரும். வரட்டுமா, வணக்கம்.