கோபுரத்தின் தலையில் ஒரு பாரந்தூக்கி

நேயர்களுக்கு வணக்கம். இன்று, கட்டடங்களை ஆழத்தோடு காட்டும் பழைய இரட்டைப் படங்களைப் பற்றிப் பேசலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். நூல் முன்னால் போகும், பின்னால் போகும், ஊசிக் காதுக்குள் மட்டும் போகாது. சுமார் 6.5 சென்டிமீட்டர் விலகியிருக்கும் இரண்டு கண்களும் வெவ்வேறாகப் பார்ப்பதால்தான் கிட்டத்துத் தூரம் பிடிபடுகிறது. 1838இல் ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் இதைக் கோட்டுச் சித்திரங்களால் நிரூபித்தார். ஒளிப்படம் வந்ததும், சற்றே மாறுபட்ட இரு படங்களை ஒரே அட்டையில் ஒட்டி, வில்லைகள் பொருத்திய பெட்டி வழியே ஆழத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். அதுதான் ஸ்டீரியோஸ்கோப். 1851 லண்டன் கண்காட்சியில் விக்டோரியா மகாராணி பார்த்து வியந்தார். பிறகு சொல்லவா வேண்டும்?

ஒரு சிக்கல். கட்டடம் தள்ளி இருந்தால் இரண்டு படமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கோபுரம் அட்டையில் வெட்டியது போலத் தட்டையாக நிற்கும். சிலர் கேமராவை அதிகம் நகர்த்தி எடுத்தார்கள். ஆழம் கிடைத்தது, ஆனால் பேராலயம் கொலு பொம்மை ஆனது! எனக்கு அது பிடிக்காது. முன்னால் ஒரு படகோ விளக்குக் கம்பமோ வரும்படி எடுத்தவர்தான் என் கணக்கில் கலைஞர்.

என் வீட்டில் எல்லோருக்கும் கேட்டுச் சலித்த கதை ஒன்று உண்டு. ஜெர்மனியின் கொலோன் பேராலயம். 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்றுபோனது. பாதிக் கோபுரத்தின் தலையில் ஒரு மரப் பாரந்தூக்கி. அதை யாரும் இறக்கவில்லை. நூற்றாண்டுக்கணக்கில், ஆமாம், நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே நின்றது. 1842இல் வேலை மீண்டும் தொடங்கியது. 1868இல் பாரந்தூக்கியை இறக்கினார்கள். 1880இல் ஆலயம் முடிந்தது. கேமரா பிறந்து முப்பது வருடத்துக்குள் அது போய்விட்டது. அந்தச் சிறு இடைவெளியில் எடுத்த இரட்டைப் படங்களில் இன்றும் அது கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. முடிந்த ஆலயத்தைவிட எனக்கு அந்தப் பாரந்தூக்கிதான் உசத்தி.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பிரான்சின் மெல்லிய தாள் இரட்டைப் படங்களைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். பின்புறம் வண்ணம் பூசி, விளக்குகள் உள்ள இடத்தில் ஊசியால் குத்தியிருப்பார்கள். முன்னால் வெளிச்சம் விழுந்தால் சாதாரணப் படம். பின்னால் விழுந்தால் சரவிளக்குகள் ஏற்றியது போல மின்னும். 1871இல் தீக்கிரையான பாரிஸ் துய்லரி அரண்மனையின் கூடங்களும் அப்படிக் கிடைக்கின்றன. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.