காப்புரிமைப் பதிவேட்டில் காரைக்குடி எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். சுற்றுச்சூழல் தொழில்நுட்பத்தில் ஒரு நாடு புதிதாக என்ன கண்டுபிடிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒதுக்கிய பணத்தைப் பார்த்தால் செலவு தெரியும், பலன் தெரியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் காப்புரிமை விண்ணப்பங்களைப் புரட்டுகிறார்கள். பொதுவாக, விண்ணப்பித்து 18 மாதம் ஆனதும் அது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஆவணமாகிவிடும். ஆள், ஊர், ஆண்டு, துறை எல்லாம் அதிலேயே இருக்கும். நீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு சி02எஃப் என்று குறியீடு. பருவநிலை மாற்றத்தைத் தணிக்கும் நுட்பங்களுக்கென்றே ஒய்02 என்ற தனிக் குறியீட்டை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் கொண்டுவந்தது.

சரி, எண்ணிவிட்டால் போதுமா? யாருடைய முகவரியை எண்ணுகிறோம் என்பதில்தான் வம்பே இருக்கிறது. நம்ம காரைக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். மின்கலம், துருப்பிடிக்காமல் தடுப்பது, மின்சாரத்தைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்வது எல்லாம் அங்கே நடக்கிற ஆராய்ச்சிதான். ஆனால் காப்புரிமை, தலைமை அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) பெயரில் டெல்லி முகவரியோடு பதிவாகும். விண்ணப்பதாரர் கட்டத்தை மட்டும் எண்ணுகிறவர் கணக்கில் செட்டிநாடே இருக்காது. கண்டுபிடிப்பாளர் கட்டத்துக்குப் போனால்தான் காரைக்குடி கண்ணில் படும்.

நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான். வெளிநாட்டுக் கம்பெனி இங்கே கொண்டுவந்து போட்ட விண்ணப்பத்தை இந்தியக் கண்டுபிடிப்பாக எண்ணினால், நம் சந்தைமேல் அவர்களுக்கு இருக்கும் ஆசைதான் தெரியும். ஒரே கண்டுபிடிப்பை ஐந்து நாட்டில் பதிந்திருந்தால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். அப்புறம் ஆண்டு: உரிமை கையில் கிடைக்கப் பல வருடம் ஆகலாம். ஆகவே முதன்முதலில் விண்ணப்பித்த தேதியை எடுப்பதே நல்லது.

பதிவேட்டுக்குள் வராததும் உண்டு. நம் பக்கத்து வீடுகளில் ஓட்டுக்கூரை மழைநீர் முற்றத்தில் இறங்குகிற ஏற்பாட்டுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. பாரம்பரிய அறிவுக்கு உரிமை தர 1970ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. காப்புரிமை வாங்கியதெல்லாம் ஆலைக்குப் போய்விட்டதாகவும் அர்த்தமில்லை. அதற்குப் படிவம் 27ஐப் பார்க்க வேண்டும். கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கிறதா என்று உரிமையாளர் அதில் சொல்லியாக வேண்டும். கணக்கெடுப்பவர்கள் பலர் தொடாத காகிதம் அது என்பது என் எண்ணம்.

கல்லூரிப் பிள்ளைகள் இதைச் செய்துபார்க்கலாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்துக்குக் கட்டணம் கிடையாது. கண்டுபிடிப்பாளர் முகவரியில் ஊர்ப்பெயரைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் காரைக்குடிக்கு நடுவில் ஒரு ‘கே’ போட்டும் இரண்டு ‘கே’ போட்டும் தேடுங்கள். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நன்றி, வணக்கம்.