பசியைப் படம் பிடிக்க முடியுமா?

(நூலக வாரத்தையொட்டி ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கும், கடற்பாசி எடுக்கப் போய்விட்டு வீடு திரும்பிய கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களுக்கும் தனி வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, சூசன் காலின்ஸ் எழுதி 2008-இல் வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலும், அதை வைத்து கேரி ராஸ் இயக்கி 2012-இல் வந்த படமும். பிள்ளைகளில் பல பேர் படம் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பானெம் என்றொரு நாடு. தலைநகரம் தின்று கொழுக்கிறது, அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள் ஒட்டிய வயிற்றோடு கிடக்கின்றன. ஒரு காலத்தில் எதிர்த்து எழுந்த குற்றத்துக்குத் தண்டனையாக, வருஷா வருஷம் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிடித்துப் போகிறார்கள். கடைசியில் ஒருவர் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடே அதை டிவியில் பார்த்தாக வேண்டும். 12 வயதுத் தங்கை ப்ரிம்மின் பெயர் விழுந்ததும், 16 வயது அக்கா காட்னிஸ் "நான் போகிறேன்" என்று முன்னால் வருகிறாள்.

இந்தச் சீட்டு விஷயத்தில்தான் புத்தகமும் படமும் முதலில் பிரிகின்றன. 12 வயதானால் பெயருக்கு ஒரு சீட்டு, அடுத்த வருஷம் இரண்டு, இப்படி ஏறிக்கொண்டே போகும். வீட்டில் அரிசிப்பானை காலியா? இன்னொரு சீட்டில் பெயரை எழுதிக் கொடு, ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள். தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று காட்னிஸ் ஒவ்வொரு வருஷமும் மூன்று சீட்டு கூடுதலாக எழுதிக் கொடுத்தவள். அப்படிச் சேர்ந்து 16 வயதில் அவள் பெயரில் 20 சீட்டு. அவளோடு வேட்டைக்குப் போகும் கேலுக்கு 42. மேயர் மகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. குலுக்கல் எல்லோருக்கும் பொது என்கிறார்கள், ஆனால் பசித்த வீட்டுப் பிள்ளை பெயர்தான் அதில் நிறையக் கிடக்கும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் உலைக்கு என்ன வழி என்று யோசிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. படம் இதை இரண்டொரு வசனத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

நாவல் முழுக்கக் காட்னிஸின் வாயால் சொல்லப்படுவது. அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. களத்தில் நாக்கு வறண்டு விழப் போகிறாள். வெளியே இருப்பவர்கள் காசு கட்டினால் களத்துப் பிள்ளைகளுக்குப் பாராசூட்டில் பொருள் அனுப்பலாம். அப்படித் தண்ணீர் அனுப்பக் கூடிய ஹேமிட்ச், அவளுடைய வழிகாட்டி, ஒன்றும் அனுப்பவில்லை. குடிகாரன் கைவிட்டுவிட்டான் என்று வெம்புகிறாள். பிறகுதான் புரிகிறது: தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் அனுப்பவில்லை. தவழ்ந்து போய்க் கண்டுபிடித்த தண்ணீரையும் உடனே குடிக்க முடியாது. அயோடின் சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறாள். அந்த அரை மணி நேரத்தை வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். படத்தில் ஹேமிட்ச் அனுப்பும் பொருளோடு துண்டுச் சீட்டும் வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதியே தந்துவிடுகிறார். அவள் மூளைக்கு அங்கே வேலை இல்லை.

படம் கூடுதலாகத் தந்ததையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நடத்துகிறவர்களின் கட்டுப்பாட்டு அறையை அது காட்டுகிறது. பளிச்சென்ற அறை, இஸ்திரி கலையாத உடுப்பு. ஒரு பொத்தானைத் தட்டினால் காட்டில் தீ. பிள்ளைகளைக் கொல்வது அவர்களுக்கு ஆபீஸ் வேலை. நாவலால் அந்த அறைக்குள் போகவே முடியாது. அந்த இடத்தில் படம் ஜெயிக்கிறது.

ஆனால் ரொட்டி விஷயத்தில் தோற்கிறது. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில், காட்னிஸின் மாவட்டத்திலிருந்து அவளோடு வந்த பையன், ரொட்டிக்கடைக்காரர் மகன் பீட்டா, ஒவ்வொரு மாவட்டத்து ரொட்டியையும் காட்னிஸுக்கு அடையாளம் காட்டுவான். நான்காவது மாவட்டம் மீன்பிடி மாவட்டம். அதன் ரொட்டி மீன் வடிவத்தில், கடற்பாசி சேர்த்துப் பச்சையாக இருக்கும். அம்மாமார்களே, உங்கள் பாசிதான்! இந்தப் பாடத்தைக் காலின்ஸ் சும்மா வைக்கவில்லை. களத்தில் காட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த 11-ஆவது மாவட்டத்துச் சிறுமி ரூ ஈட்டி பாய்ந்து சாகிறாள். காட்னிஸ் அவளுக்குப் பாட்டுப் பாடி, உடலைக் காட்டுப் பூக்களால் மூடுகிறாள். பிறகு பாராசூட்டில் ஒரு ரொட்டி வருகிறது. பிறை வடிவம், மேலே விதைகள், இன்னும் சூடு ஆறவில்லை. பார்த்ததும் தெரிந்துகொள்கிறாள், ரூவின் மாவட்டத்து ரொட்டி. நாள் ஆக ஆக இந்தப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போகும். சோற்றுக்கே வழியில்லாத ஜனங்கள் காசு சேர்த்து, வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கரைவலை இழுத்து முடிந்ததும், மீன்பாடு குறைவாக இருந்தாலும், ஓரமாக நிற்கிற கிழவிக்குக் கறிக்கு ஒரு கை மீன் அள்ளிப் போடுவார்களே, அந்தக் கை இது.

படத்தில் இந்த ரொட்டி வரவில்லை. அதற்குப் பதிலாக 11-ஆவது மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது. சாக்குகளைக் கவிழ்க்கிறார்கள், படை வந்து அடக்குகிறது. நல்ல காட்சிதான், உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் கோபத்தைக் காட்டுவது சினிமாவுக்குச் சுலபம். இல்லாதவன் கொடுப்பதைக் காட்டத்தான் துணிச்சல் வேண்டும். தலைநகரம் உண்மையில் அஞ்ச வேண்டியதும் அந்த ரொட்டிக்குத்தான் என்று நான் நம்புகிறேன். மாவட்டம் மாவட்டத்துக்குச் சோறு கொடுக்க ஆரம்பித்துவிட்டால் இந்த ஆட்டம் நடக்காது.

இன்னொன்று. ஒருவர்தான் மிஞ்ச வேண்டும் என்ற விதியை மீறிக் காட்னிஸும் பீட்டாவும் இருவருமே பிழைக்கிறார்கள். ஆனால் நாவலின் முடிவில் பீட்டாவுக்கு ஒரு கால் போய்விடுகிறது. உயிர் காக்கக் காட்னிஸ் இறுக்கிக் கட்டிய கட்டே அதற்கும் காரணம். படத்தில் முழு உடம்போடு ஊர் திரும்புகிறான். இது எனக்குச் சம்மதமில்லை.

இனி பிள்ளைகள் பேச வேண்டும். ரொட்டியைவிடக் கலவரக் காட்சிதான் சரி என்று நினைக்கிறவர்கள் முதலில் மைக்குக்கு வாருங்கள்.